கட்டாயம் இல்லை... உங்க வசதி

போன மாதம் கரையாம்புத்தூரில் ஒரு வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, கையில் தாம்பூலத் தட்டு. பக்கத்தில் என் அண்ணன், கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி சட்டையில்.

நாங்கள் கேட்டைத் திறக்கும்போது உள்ளே டி.வி. சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. படியில் கால் வைத்ததும் பட்டென்று நின்றது. கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. அப்புறம் ஒரு கிசுகிசுப்பு...

"மெஷினு வந்துருக்கு! யாரும் பேசாதீங்க. அந்த ஃபேன நிறுத்துடி, சத்தம் வெளிய கேக்குது..."

சித்திரை மாத வெயில் அது. எங்களைத் தவிர்ப்பதற்காக ஒரு குடும்பமே ஃபேனை நிறுத்திவிட்டு வேர்த்துக் கொட்ட உட்கார்ந்திருக்கிறது. என் அண்ணன் எப்பேர்ப்பட்ட சேல்ஸ்மேன் என்று இனி நான் தனியாகச் சொல்ல வேண்டுமா?

உள்ளே இருந்தவர் யாரோ எவரோ அல்ல. தனகோடி மாமா. எங்கள் அம்மாவுடன் பிறந்தவர். அண்ணனைத் தன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தியவர். அந்தக் காதில்தான் இப்போது தாழ்ப்பாள் சத்தம் விழுந்தது.

அண்ணன் பெயர் கலியபெருமாள். பாகூரில் வீடு. தண்ணீரைச் சுத்தம் செய்கிற மெஷின் விற்கிற கம்பெனியில் வேலை. பாகூர் கொம்யூன், அதாவது பாகூரும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும், முழுக்க அவர் ஏரியா, வில்லியனூரிலும் பாதி. இந்த வில்லியனூர் பாதியில்தான் நான் குடியிருக்கிறேன். முதல் மெஷின் யார் வீட்டில் மாட்டப்பட்டது என்று யாரும் கேட்க வேண்டாம்... கூடப்பிறந்தவள் எதற்கு இருக்கிறாள்? அந்த மெஷின் தொட்டி நிறைந்ததும் ஒரு பாட்டுப் பாடும். விடியற்காலையில் பாடும். "சத்தமே வராதும்மா" என்று சொல்லித்தான் அண்ணன் மாட்டினார்.

அவரிடம் ஒரு பேனா உண்டு. எழுதுகிற பேனா அல்ல. நுனியைத் தண்ணீரில் விட்டால் உப்பும் மற்றதும் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று நம்பர் காட்டும். நம்பர் என்னவாக இருந்தாலும் சரி, அண்ணனின் முகம் ஒரே மாதிரிதான் போகும். ஆபரேஷன் தியேட்டர் கதவைத் திறந்துகொண்டு வரும் டாக்டர் மாதிரி. கண்ணாடியைக் கழற்றுவார். பெருமூச்சு விடுவார். "கொழந்தைங்க இருக்குதா வூட்ல?" என்பார்.

தண்ணீரோடு நிறுத்தினாரா? மோரில் விட்டார். ரசத்தில் விட்டார். கோயிலில் கொடுத்த தீர்த்தத்தில் விட்டு, பூசாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஒருமுறை இளநீரில் விட்டுப் பார்த்துவிட்டு, "இந்த மரத்துக்கே ஒரு மெஷினு வேணும்" என்றார்.

எல்லாவற்றுக்கும் மேலாக அந்த இழவு வீடு. துக்கம் விசாரிக்கப் போனோம். சொம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். அண்ணன் சொம்பையே உற்றுப் பார்த்தார். நான் முழங்கையால் இடித்தேன். பலனில்லை. போனவரின் மகனிடம் தலையைச் சாய்த்து, தணிந்த குரலில் கேட்டார்:

"அப்பா... இந்தத் தண்ணியத்தான் குடிச்சினு இருந்தாரா?"

போனவருக்கு வயது தொண்ணூறைத் தாண்டியிருந்தது.

அன்றோடு கலியபெருமாள் என்ற பெயர் போயிற்று. 'மெஷினு' ஆகிவிட்டார். அவர் பைக் சத்தம் கேட்டாலே தெரு காலியாகும். சொந்தக்காரர்கள் பஸ்ஸில் அவரைப் பார்த்தால் முன்வாசலில் ஏறிப் பின்வாசலில் இறங்கிவிடுவார்கள்.

இப்படிப்பட்டவர்தான் தன் ஒரே மகள் நந்தினிக்குக் கல்யாணம் நிச்சயம் செய்துவிட்டு, வீடு வீடாகப் பத்திரிகை வைக்கக் கிளம்பினார். நான் பெண்ணுக்கு அத்தை. கூடப் போகாமல் முடியுமா? கிளம்புவதற்கு முன்பே அந்தப் பேனாவைப் பிடுங்கி என் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன். கல்யாணம் முடியும்வரை அது என் பொறுப்பு.

சரி, கரையாம்புத்தூர் வாசலுக்கு வருவோம்.

நான் ஜன்னல் பக்கம் போய்க் கத்தினேன். "மாமா! மெஷின் இல்ல மாமா! நந்தினி கல்யாணத்துக்குப் பத்திரிக வைக்க வந்துருக்கோம்!"

பிறகு உள்ளேயிருந்து மாமாவின் குரல். "பையில இன்னா?"

"பழம் மாமா! பூவு!"

"அந்தப் பேனா?"

"நான் புடுங்கி வச்சிட்டேன் மாமா!"

கதவு திறந்தது. அடேயப்பா, அதன்பிறகு என்ன உபசாரம்! ஃபேன் ஓடியது. நாற்காலி வந்தது. மாமி மோர் கொண்டுவந்தார். மாமா தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு, தட்டை வாங்கத் தயாராகக் கிழக்கே பார்த்து நின்றார். முகமெல்லாம் பெருமை. அக்கா பேத்தியின் கல்யாணம் அல்லவா?

இந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். எங்கள் ஊர் நண்டு சிண்டுக்குக்கூடத் தெரியும். 'குடும்பத்தோட முந்தின நாளே வந்துடணும், முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும்.' இதுதான் வசனம். காலங்காலமாக மாறாத வசனம்.

அண்ணன் தட்டை நீட்டினார். தொண்டையைச் செருமினார்.

"மாமா... வரணும்னு கட்டாயம் இல்ல. உங்க வசதி."

மாமாவின் கை பாதி தூரத்தில் நின்றுவிட்டது.

"இன்னாடா சொன்ன?"

"வந்தீங்கன்னா சந்தோஷம் மாமா. வரலன்னாலும் ஒண்ணும் இல்ல. நிதானமா யோசிங்க."

நான் அண்ணனின் காலை மிதித்தேன். அவர் காலை நகர்த்திக்கொண்டு அன்பாகத் தொடர்ந்தார். "நீங்க எந்த முடிவு எடுத்தாலும் நாங்க அத மதிக்கிறோம்."

ஐயோ, இவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? கம்பெனி டிரெய்னிங் ஆயிற்று.

பத்திரிகை வைக்கக் கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் கம்பெனிக்காரர்கள் மதகடிப்பட்டில் ஒரு மண்டபம் பிடித்து சேல்ஸ்மேன்கள் எல்லோரையும் வரச்சொல்லியிருக்கிறார்கள். புகார் ஏகப்பட்டது வந்திருக்கும் போல. எந்த ஏரியாவிலிருந்து வந்திருக்கும் என்று எனக்கு ஒரு யூகம் உண்டு. சென்னையிலிருந்து டை கட்டிய ஒரு தம்பி வந்து, மைக்கைப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்தினார். கஸ்டமரைத் துரத்தாதீர்கள், துரத்தினால் ஓடுவார். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வழி விடுங்கள். முடிவு அவருடையது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வழி இருக்கிறது என்று தெரிந்தால் யாரும் ஓடமாட்டார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, நல்ல பாடம்தான். புடவைக் கடையில் ஒரு புடவையைத் தொட்டுப் பார்த்ததற்கே பத்துப் புடவையைப் பிரித்துப்போட்டு நம்மைக் குற்றவாளி ஆக்குகிறார்களே, அவர்களுக்கெல்லாம் இதை நடத்தினால் நான் என் செலவில் டீ வாங்கித் தருவேன்.

டிரெய்னிங்கில் ஒரு ஒத்திகையும் நடந்தது. அந்தத் தம்பி சேல்ஸ்மேன், அண்ணன் கஸ்டமர். "வாங்கணும்னு கட்டாயம் இல்லை சார், உங்க வசதி" என்று அவர் சொன்ன விதத்தில் அண்ணன் உருகிப்போய்விட்டார். தான் விற்கிற மெஷினைத் தானே வாங்கக் கையெழுத்துப் போடுவதற்குப் பையைத் துழாவினாராம். பக்கத்தில் இருந்தவர்கள் பிடித்து உட்காரவைத்திருக்கிறார்கள்.

மறுநாளே வில்லியனூரில் ஒரு அம்மாவிடம் அந்த வாக்கியத்தைப் பிரயோகித்தார். மெஷினைக் காட்டினார். "வாங்கணும்னு கட்டாயம் இல்லமா. உங்க வசதி" என்றார். கைகட்டி நின்றார்.

அந்த அம்மா சந்தேகமாகப் பார்த்தார். "ஏன், மெஷின்ல எதுனா கோளாறா?"

"இல்லமா."

"எதிர்வூட்டுக்கு மட்டும் தொங்கித் தொங்கி வித்த? எங்களுக்கு ஏன் வேணாம்ங்கற? நாங்க நல்ல தண்ணி குடிக்கக் கூடாதா?"

வாங்கிவிட்டார். அண்ணனின் சர்வீஸிலேயே சண்டையில்லாமல் விற்ற முதல் மெஷின் அது.

அவ்வளவுதான். அந்த வாக்கியம் அவருக்கு மந்திரமாகிவிட்டது. காலையில் எழுந்ததும் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். பைக்கில் போகும்போது சொன்னார். அண்ணி கடைக்குப் போய் வெங்காயம் வாங்கி வரச்சொன்னால், "சொல்றது உன் வசதி, போறது என் வசதி" என்றார். விஜயா அண்ணியா சளைத்தவர்? அன்று ராத்திரி, "சாப்புடணும்னு கட்டாயம் இல்ல. உங்க வசதி" என்று சொல்லிவிட்டு அடுப்படி விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

நான் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கு நிஜமாகவே சந்தோஷம். ஊரே கண்டு ஓடுகிற ஆளாக என் அண்ணன் இருப்பது எனக்கு எத்தனை நாள் வலித்திருக்கிறது தெரியுமா? கேலி செய்தவர்களோடு சேர்ந்து நானும் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறேன். இனிமேலாவது மனுஷர்கள் அவரை உட்காரவைத்துப் பேசுவார்கள் என்று நினைத்தேன்.

அந்த வாக்கியம் மெஷினுக்கு மட்டும்தான் என்று அந்த டை கட்டிய தம்பி சொல்லவில்லை. அவரும் பாவம், இதையெல்லாம் சொல்ல வேண்டியிருக்கும் என்று எங்கே கண்டார்?

மாமா தட்டை வாங்கிக்கொண்டார். பழத்தைப் பார்த்தார், பத்திரிகையைப் பார்த்தார். "சரிபா. பாக்கறோம்" என்றார். என் டம்ளரில் இன்னும் பாதி மோர் இருந்தது. அதற்குள் எழுந்து துண்டை உதறினார். கிளம்பு என்று அதற்கு அர்த்தம்.

வண்டியில் ஏறியதும் அண்ணன் சொன்னார்: "பாத்தியாமா, எவ்ளோ ஃப்ரீயா ஃபீல் பண்ணாரு!"

"ண்ணா, அவரு மூஞ்ச பாத்தியா நீ? கல்யாணத்துக்குக் கூப்புடறப்ப வரவேணாம்னு யாருனா சொல்லுவாங்களா?"

"வரவேணாம்னு எங்கமா சொன்னேன்? கட்டாயப்படுத்தி வரவச்சா அது கல்யாணமா? ஆசப்பட்டு வரணும்."

கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. அதுதான் கஷ்டமே. நியாயமாகப் பேசுகிறவரை எப்படித் திருத்துவது?

மண்ணாடிப்பட்டில் சரோஜா சித்தி வீடு. அம்மாவின் தங்கை. இந்தமுறை நான் முந்திக்கொண்டேன். உள்ளே நுழைந்ததுமே, "சித்தி, முந்தின நாளே வந்துடணும், நீங்க இல்லாம ஒண்ணும் நடக்காது" என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். சித்தியின் முகம் மலர்ந்தது. அப்பாடா என்று உட்கார்ந்தேன்.

அண்ணன் குனிந்து பணிவாகச் சொன்னார்: "அவ சொல்றாளேன்னு கட்டாயமா நெனச்சிக்காதீங்க சித்தி. உங்க சாய்ஸ்தான்."

"சாய்ஸா?"

"ஆமா சித்தி. உங்க சாய்ஸ்."

சித்தி முந்தானையை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டார். "பரீட்சையில கேள்விய சாய்ஸ்ல வுடற மாதிரி என்னை சாய்ஸ்ல வுட்டுட்ட இல்ல? எங்க அக்கா உசுரோட இருந்தா இப்படி ஒரு வார்த்த வருமா உன் வாயில?"

அண்ணன் விளக்க விளக்க அழுகை கூடியது. கடைசியில் வழியனுப்பவும் சித்தி வெளியே வரவில்லை.

இப்படியே எல்லா வீடும். ஓரிடத்தில், "நீ கூப்புட வந்தியா, வேணாம்னு சொல்ல வந்தியா?" என்று நேராகவே கேட்டார்கள். இன்னோரிடத்தில் குங்குமத்தைத் தொடவே இல்லை. நாங்கள் அடுத்த ஊருக்குப் போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. அதுவும் எப்படி? மாப்பிள்ளை வீடு கடலூர்க்காரர்கள், வசதியானவர்கள், அவர்கள் முன்னால் நம் கூட்டம் வந்து நின்றால் கலியபெருமாளுக்கு அசிங்கமாம். அதனால் வரவேண்டாம் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். பழம் கொடுத்துச் சொல்கிறாராம்!

நாங்கள் என்ன மாதிரி ஜனங்கள் என்று யோசித்துப் பாருங்கள். இலையைக் கையால் மூடினாலும் விரல் இடுக்கில் சாம்பார் ஊற்றுகிற ஜனங்கள். 'போதும்' என்றால் 'இன்னும் கொஞ்சம் போடு' என்று புரிந்துகொள்கிற ஜனங்கள். விருந்தாளி கிளம்பும்போது செருப்பை ஒளித்து வைக்கிறவர்களும் உண்டு. எங்களிடம் போய், 'உங்க வசதி' என்றால்? நீ இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்றுதான் காதில் விழும்.

பத்திரிகை வைத்து முடித்த வாரம் அண்ணன் ஒவ்வொருவருக்காகப் போன் செய்தார். நான் பக்கத்தில் இருந்தேன். ஸ்பீக்கரில் எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். "பாக்கறோம்பா..."

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. அந்த வார்த்தை அவருக்கு அத்துப்படி. தொழிலே அதைக் கேட்பதுதானே?

"பாக்கறோம்னா வாங்கமாட்டாங்கன்னு அர்த்தம்மா" என்றார் மெதுவாக. "யாரும் வரமாட்டாங்க."

அன்று சமையல்காரர் வேறு வந்து நின்றார். "எத்தினி இலைக்கு எஸ்டிமேட் போடறது?" என்று கேட்டார். அண்ணன் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார். சமையல்காரர் தலையைச் சொறிந்துகொண்டே போனார்.

நந்தினிதான் உடைத்துப் பேசினாள். "அப்பா, மண்டபத்துல சேருங்க மட்டும்தான் உக்காந்துனு இருக்கப் போவுது. அவங்க பக்கம் பஸ்ஸு பஸ்ஸா வராங்க. நம்ம பக்கம் நீயும் அம்மாவும் அத்தையும். இந்தப் பொண்ணுக்கு மனுஷாளே இல்லன்னு அந்த வூட்ல காலத்துக்கும் சொல்லமாட்டாங்களா?"

அவள் அழுதது எனக்குத் தாங்கவில்லை. அண்ணன் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியலமா. 'வாங்குங்க'ன்னு சொன்னா ஓடறாங்க. 'வாங்க'ன்னு அழுத்திச் சொல்லலன்னா கோவிச்சிக்கறாங்க. நான் இன்னாதான் பண்றது?"

அண்ணி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிரக்கூட இல்லை. "வாங்குங்கன்னா அது உங்களுக்கு லாபம். வாங்கன்னா அது அவங்களுக்கு மரியாத. இதுக்கு சென்னையிலேர்ந்து ஆளு வந்து சொல்லணுமா?"

அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டார். "கெளம்புமா" என்றார் என்னிடம்.

மறுபடியும் கரையாம்புத்தூர். இந்தமுறை கதவு திறந்திருந்தது. மாமா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அண்ணனைப் பார்த்ததும் எழுந்தார். ஒளியவில்லை, ஓடவில்லை. நிதானமாக நடந்து வந்து, எங்கள் கண்ணைப் பார்த்துக்கொண்டே கதவைச் சாத்தினார். ஜன்னல் வழியாகக் குரல் வந்தது.

"தெறக்கணும்னு கட்டாயம் இல்ல. என் வசதி."

உள்ளே யாரோ சிரித்தார்கள். அண்ணன் வேட்டியை இறுக்கிக் கட்டினார். வாயைத் திறந்தார்.

"மாமா... கட்டாயம்..."

நின்றுவிட்டது! ஒரு மாதமாக 'கட்டாயம்' என்றால் அடுத்து 'இல்ல' என்றுதான் வந்து பழகிய நாக்கு. 'இ' என்று வாய் போவது எனக்கே தெரிந்தது. அண்ணன் உதட்டைக் கடித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"...வரணும் மாமா! கட்டாயம் வரணும்!"

அணை உடைந்தது. "நீ வரலன்னா பந்தக்கால் நடமாட்டேன். நீ வந்து நிக்காம எம்பொண்ணு கழுத்துல தாலி ஏறாது. வண்டி அனுப்பறேன். வண்டியில ஏறலன்னா தோள்ல தூக்கினு போவேன். நீ வரேன்னு சொல்றவரைக்கும் இங்கேருந்து எழுந்திருக்கமாட்டேன்!"

சொன்னதோடு நிற்கவில்லை. கஞ்சி போட்ட வேட்டியோடு அப்படியே வாசற்படியில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். மாமாவை 'நீ' என்று கூப்பிடுகிறோம் என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை. டிரெய்னிங்கில் மறக்கச் சொன்ன அத்தனை வித்தையும் ஒன்றுவிடாமல் திரும்பி வந்துவிட்டது. பக்கத்து வீட்டு மாடியில் ஆள் சேர்ந்தது. தெருவில் போன டிராக்டர் நின்றது.

தாழ்ப்பாள் விலகியது. தனகோடி மாமா நின்றார். கண் கலங்கியிருந்தது.

"அப்படிச் சொல்றா! இத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னாடா கேடு உனக்கு?"

அப்புறம் எங்களைச் சாப்பிடாமல் விடுவாரா? வயிறு நிறைந்து இலையைக் கையால் மூடினேன். மாமி விரல் இடுக்கில் ஊற்றினார். எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா?

மண்ணாடிப்பட்டில் அண்ணன் சித்தியின் காலைப் பிடித்துக்கொண்டார். வருகிறேன் என்று சொல்லும்வரை விடமாட்டேன் என்றார். "வுடுடா, வரேன்டா, காலு வலிக்குதுடா" என்று சித்தி சிரித்துக்கொண்டே அழுதார். எல்லா வீட்டுக்கும் இரண்டாம் சுற்று போனோம். எல்லா வீட்டிலும் வாசற்படியில் உட்கார்ந்தார். கடைசி வீட்டில் உட்காரும் முன்பே, "வரோம்பா, வேட்டி அழுக்காவுது" என்று சொல்லிவிட்டார்கள்.

கல்யாணத்தன்று கடலூர் பஸ்கள் வருவதற்கு முன்பே எங்கள் பக்கத்து நாற்காலிகள் நிரம்பிவிட்டன. சமையல்காரர் அவசரமாக ஆளை அனுப்பி இலை வாங்கிவரச் செய்தார். நந்தினி மணவறையிலிருந்து கூட்டத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

பந்தியில்தான் வேடிக்கை. எங்கள் ஆட்கள் எல்லோரும் தண்ணீர் டம்ளரைக் கையில் எடுத்தார்கள். குடிக்கவில்லை. அண்ணனையே பார்த்தார்கள். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தார்கள். அண்ணன், "இங்க கூட்டு வை, அங்க அப்பளம் போடு" என்று பரபரத்துக்கொண்டிருந்தார். டம்ளர் பக்கமே திரும்பவில்லை.

தனகோடி மாமாவால் தாங்க முடியவில்லை. "ஏண்டா, தண்ணி எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குது மாமா. குடிங்க."

மாமா பக்கத்து இலைக்காரரிடம் குனிந்தார். "இவனே நல்லா இருக்குன்னு சொல்றான்னா... இன்னாவோ சரியில்ல." டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். வரிசை முழுக்க டம்ளர்கள் கீழே இறங்கின.

அப்புறம் மாமாவே ஆரம்பித்தார். "எங்க வூட்டுத் தண்ணியும் ஒரு மாதிரியாத்தான் இருக்குது. நீ ஒருநா வந்து பாரேன்."

அண்ணன் எச்சில் விழுங்கினார். என்னைப் பார்த்தார். நான் கைப்பையை இறுக்கிப் பிடித்தேன்.

"பாக்கலாம் மாமா. ஆனா வாங்கணும்னு கட்டாயம் இல்ல. உங்க வசதி."

சரியான வாக்கியம், சரியான இடத்தில்! எனக்குக் கை தட்டலாம் போலிருந்தது.

"வாங்கறத நான் பாத்துக்கறேன்" என்றார் மாமா. "நீ வந்துடணும். கட்டாயம் வரணும்."

அண்ணன் சாம்பார் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். இவரைப் பார்த்து ஃபேனை நிறுத்திய வீடு அது. அந்த வீட்டிலிருந்து இப்போது அழைப்பு.

மாமா மெஷின் வாங்கினாரா என்று கேட்கிறீர்களா? போன வாரம் அண்ணன் போய்வந்தார். "பாக்கறோம்" என்றிருக்கிறார் மாமா. "உங்க வசதி மாமா" என்று சொல்லிவிட்டு, மாமி போட்ட மீன்குழம்பைச் சாப்பிட்டுவிட்டுச் சந்தோஷமாகத் திரும்பியிருக்கிறார் அண்ணன்.

கல்யாணத்தன்று சாயங்காலம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நந்தினியைக் கடலூருக்கு அனுப்பும் நேரம். பூ சுற்றிய கார் வாசலில் நிற்கிறது. காலையிலிருந்து வாளி தூக்கிக்கொண்டு ஓடிய அண்ணன், இப்போது கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். விடவில்லை. டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார்.

நந்தினி கண்ணாடியை இறக்கினாள். அழுத கண்ணோடு சிரித்தாள்.

"அப்பா, மறுவூட்டுக்கு நாங்க வரணும்னு கட்டாயம் இல்லதான? எங்க வசதிதான?"

சுற்றி நின்றவர்கள் குலுங்கிச் சிரித்தார்கள். அண்ணனும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். சிரிப்பு வரவில்லை.

"கட்டாயம்..." என்றார். கதவிலிருந்து கையை எடுத்தார். "கட்டாயம்மா... கட்டாயம்."

கார் போய்விட்டது. அண்ணனின் கன்னத்தில் கரகரவென்று கண்ணீர் வழிந்தது. நல்லவேளை, அந்தப் பேனா என் கைப்பையில் இருந்தது... இல்லாவிட்டால் அந்தக் கண்ணீரிலும் விட்டு, உப்பு எவ்வளவு என்று நம்பர் பார்த்திருப்பார்!